முழுச்சேவை, தன்சேவை எரிபொருள் நிலையங்கள்

எரிபொருள் நிரப்பு நிலையங்களில் வாகனத்திற்குத் தேவையான பெட்ரோல், டீசல் முதலியவற்றை நிலையத்தின் ஊழியரே நிரப்பித் தரும் முறை முழுச்சேவை எனப்படும். வாகன ஓட்டி தாமே குழாயை எடுத்து நிரப்பிக்கொள்ளும் முறை தன்சேவை அல்லது சுயசேவை எனப்படும். ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பகுதி, ஐக்கிய இராச்சியம், ஆத்திரேலியா, மலேசியா முதலிய நாடுகளில் தன்சேவை வழமையாகிவிட்டது. இந்தியா, இலங்கை, தென்னாப்பிரிக்கா, பிரேசில் ஆகிய நாடுகளில் முழுச்சேவையே நடைமுறையில் உள்ளது.

இந்நிலையங்கள் தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் "பெட்ரோல் பங்க்" எனவும், சில இடங்களில் "பெட்ரோல் பல்க்" எனவும் அழைக்கப்படுகின்றன. இலங்கைத் தமிழர் "பெற்றோல் செட்" என்பர். திருச்சிராப்பள்ளியிலோ திருவரங்கத்திலோ (ஸ்ரீரங்கம்) வண்டியை நிறுத்தி, "நூறு ரூபாய்க்கு" என்று சொல்லி, கொள்கலனின் மூடியைத் திறந்து நிற்பவருக்கு அதன்பின் உள்ள வேலை ஒன்றே ஒன்றுதான்: மானியில் சுழியம் தெரிகிறதா என்று பார்ப்பது. குழாயைப் பிடிப்பவர் ஒருவர், கண்காணிப்பவர் இன்னொருவர் என்ற இப்பிரிவே இந்திய முறையின் அடிப்படை எனலாம்.

உலகில் இம்முறைகளின் தோற்றம்

தானுந்துகளின் தொடக்க காலத்தில் தனி நிலையங்கள் இருக்கவில்லை. 1888இல் பெர்த்தா பென்சு செருமனியில் மேற்கொண்ட புகழ்பெற்ற நெடும்பயணத்தின்போது வீசுலோக் என்னும் ஊரின் மருந்துக்கடையில்தான் எரிபொருள் வாங்கினார். பின்னர் தகரக் கொள்கலன்களில் விற்கும் வழக்கம் ஏற்பட்டது. 1913இல் பிட்சுபர்க்கு நகரில் கல்ஃப் நிறுவனம் வாகனங்கள் உள்ளே வந்து செல்லும் வகையிலான நிலையத்தைத் திறந்தது. சீருடை அணிந்த ஊழியர் எரிபொருள் நிரப்புவது, முன்கண்ணாடி துடைப்பது, சக்கரங்களின் காற்றழுத்தம் பார்ப்பது, எண்ணெய் அளவு சோதிப்பது ஆகியவை அக்கால நிலையங்களின் வழக்கமாயின. முழுச்சேவை என்ற பெயர் இவை அனைத்தையும் சேர்த்தே குறித்தது.

1947இல் லாசு ஏஞ்சலசு நகரில் பிராங்கு உலிரிச் என்பவர் தன்சேவை நிலையம் ஒன்றைத் திறந்து, தாமே நிரப்பிக்கொள்வோருக்குக் குறைந்த விலையில் விற்றார். தீ விபத்து அச்சத்தைக் காட்டிப் பல மாநிலங்களின் தீயணைப்பு விதிகள் இதனைத் தடுத்தன. பழைய நிலைய உரிமையாளர்கள் விலைப் போட்டிக்கு அஞ்சியதும் தடைகளுக்கு ஒரு காரணம் ஆகும். 1964இல் கொலராடோ மாநிலத்தில், கடைக்குள் இருக்கும் ஒருவர் வெளியே உள்ள குழாய்களைத் தொலைவிலிருந்தே இயக்கும் கருவி பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே ஊழியர் பல குழாய்களைக் கவனிக்க முடிந்ததால் தன்சேவை இலாபகரமானதாக மாறியது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, லிட்டருக்குச் சில காசுகள் மிச்சம் என்பதே வாடிக்கையாளருக்குப் பெரிதாகத் தெரிந்தது.

இங்கிலாந்தில் முதல் தன்சேவை நிலையம் 1961இல் இலண்டனின் சதர்க்கு பாலத்தருகே தொடங்கப்பட்டது. சப்பானில் 1998 வரை தன்சேவைக்கு அனுமதி இல்லை. அனுமதி வழங்கப்பட்ட பின்னரும், தீப்பற்றும் பொருள்களைக் கையாளத் தகுதி பெற்ற ஊழியர் ஒருவர் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பார்த்து, ஒவ்வொரு முறையும் இசைவுப் பொத்தானை அழுத்தினால்தான் எரிபொருள் வரும் என்ற விதி வைக்கப்பட்டது. குழாய் வாடிக்கையாளர் கையிலும் கண்காணிப்பு ஊழியர் கையிலுமாக, இது இந்திய முறைக்கு நேர் எதிரானது.

குழாய்முனை இயங்கும் விதம்

இரு முறைகளிலும் பயன்படும் குழாய்முனை ஒன்றே. முனையின் நுனிக்கருகே ஒரு சிறு துளை இருக்கும். எரிபொருள் பாயும்போது ஏற்படும் உறிஞ்சு விசை இத்துளை வழியே காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். கொள்கலன் நிரம்பி எரிபொருள் அத்துளையை மூடியவுடன் காற்று தடைப்படும். உள்ளே உள்ள மென்தகடு இழுக்கப்பட்டு, கைப்பிடியின் பூட்டு விடுபட்டு, ஓட்டம் தானாக நின்றுவிடும். இதற்கு மின்சாரமோ மின்னணுக் கருவியோ தேவையில்லை. இத்தகைய முனை இல்லையெனில் தன்சேவை பரவியிருக்க இயலாது.

தன்சேவையில் ஏற்படும் தீ விபத்துகளுக்கு நிலைமின்னேற்றம் ஒரு காரணமாகும். கைப்பிடியைப் பூட்டிவிட்டு மகிழுந்தின் இருக்கையில் போய் அமர்ந்து, மீண்டும் எழுந்து வருபவரின் உடலில் மின்னேற்றம் சேர்ந்திருக்கக்கூடும். அவர் உலோகத்தைத் தொட்டு அதனைப் போக்காமல் நேரே குழாய்முனையைத் தொடும்போது பொறி எழலாம். வறண்ட குளிர்காலக் காற்றில் இதற்கான வாய்ப்பு மிகுதி.

இந்தியாவில்

விடுதலைக்குப் பின்னரும் சில பத்தாண்டுகள் பர்மா-செல், எசோ, கால்டெக்சு ஆகிய அயல்நாட்டு நிறுவனங்களின் நிலையங்கள் இந்திய நகரங்களில் இருந்தன. எசோவின் தொழில் 1974இல் இந்துசுதான் பெட்ரோலியம் ஆனது. பர்மா-செல் 1976இல் அரசுடைமையாகிப் பின்னர் பாரத் பெட்ரோலியம் என்ற பெயர் பெற்றது. கால்டெக்சு 1978இல் இந்துசுதான் பெட்ரோலியத்துடன் இணைக்கப்பட்டது. இந்தியன் ஆயில் நிறுவனம் 1964இல் இணைப்பின் மூலம் உருவானது. நாட்டில் உள்ள நிலையங்களின் எண்ணிக்கை 2025இல் ஒரு இலட்சத்தைக் கடந்தது. இவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை இம்மூன்று பொதுத்துறை நிறுவனங்களைச் சேர்ந்தவை.

இந்தியாவில் முழுச்சேவை நிலைபெற்றதில் இரு சக்கர வாகனங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1980களிலும் 1990களிலும் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடிய டி.வி.எஸ். 50, பஜாஜ் ஸ்கூட்டர், ராஜ்தூத் முதலியவை ஈரடிப்பு இயந்திரங்களைக் கொண்டவை. இவ்வியந்திரங்களுக்கு மசகெண்ணெயைப் பெட்ரோலுடன் கலந்தே ஊற்ற வேண்டும். வண்டியைப் பொறுத்து லிட்டருக்கு 20 முதல் 40 மில்லி லிட்டர் வரை "டூ-டி ஆயில்" தேவைப்பட்டது. இதற்கெனக் கைப்பிடியுடன் கூடிய தனிக் கருவி நிலையங்களில் இருந்தது. எண்ணெய் குறைந்தால் இயந்திரம் இறுகிவிடும். மிகுந்தால் புகை கக்கும். எந்த வண்டிக்கு எவ்வளவு என்பதை வண்டியைப் பார்த்தே சொல்லும் ஊழியர்கள் இருந்தனர். நாலடிப்பு இயந்திரங்கள் பரவியபின் இத்திறனுக்குத் தேவையின்றிப் போயிற்று.

இன்றைய இந்திய நிலையங்களில் நடைபெறுவதை முழுச்சேவை என்று சொல்வது முற்றிலும் பொருந்தாது. கண்ணாடி துடைப்பதும் எண்ணெய் பார்ப்பதும் பெரும்பாலும் மறைந்துவிட்டன. காற்றும் குடிநீரும் கழிவறையும் இலவசமாக வழங்கப்பட வேண்டும் என்று எண்ணெய் நிறுவனங்களின் விதிகள் கூறினாலும், காற்று பிடிப்பவருக்குச் சில்லறை கொடுப்பது வழக்கமாக உள்ளது. ஊழியர் சேவை என்பதே சரியான பெயராக இருக்கும்.

தன்சேவை பரவாமைக்கான காரணங்கள்

உணவகங்களில் "செல்ஃப் சர்வீஸ்" பலகையைத் தமிழ்நாட்டில் காணாதவர் இல்லை. தட்டைத் தாமே எடுத்து வந்து நின்றுகொண்டு உண்போருக்கு அதே தோசை குறைந்த விலையில் கிடைக்கிறது. எரிபொருள் நிலையத்தில் இத்தகைய விலை வேறுபாட்டுக்கு இடமில்லை. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010இலும் டீசல் விலைக் கட்டுப்பாடு 2014இலும் நீக்கப்பட்டன. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலை மாற்றியமைக்கும் முறை நாடெங்கும் வந்தது. ஆயினும் பொதுத்துறை நிலையங்களில் விற்பனை விலையை அறிவிப்பது எண்ணெய் நிறுவனமே. முகவருக்குக் கிடைப்பது நிறுவனம் வகுத்த தரகுத்தொகை. ஊழியரைக் குறைத்து அதில் மிச்சமாகும் தொகையை விலையில் கழித்துத் தர முகவருக்கு வழியில்லை. வாடிக்கையாளருக்கு ஒரு காசும் மிச்சமாகாத நிலையில், அவர் கையில் பெட்ரோல் வாடையை ஏற்றுக்கொள்ள வேண்டிய தேவையும் இல்லை. இந்தியாவில் தன்சேவை வராததற்குப் பழக்கத்தையும் மக்கள்தொகையையும் காரணமாகக் கூறுவோர் இதனைக் கவனிப்பதில்லை.

இரண்டாவது காரணம் வேகம். இரு சக்கர வாகனங்களின் கொள்கலன் சிறியது. பலர் நூறு, இருநூறு ரூபாய்க்கே நிரப்புகின்றனர். பல ஸ்கூட்டர்களில் கொள்கலனின் வாய் இருக்கைக்கு அடியில் உள்ளது. ஓட்டி இறங்கி, இருக்கையைத் திறந்து, குழாயை எடுத்து, நிரப்பி, பணம் செலுத்த வேறிடம் சென்று திரும்புவதாயின் பின்னால் நிற்கும் வரிசை சாலைக்கே வந்துவிடும். பயிற்சி பெற்ற ஊழியர் இதனை ஒரு நிமிடத்திற்குள் முடித்துவிடுகிறார். சூடான இயந்திரத்தின் மேல் பெட்ரோல் சிந்தாமல் நிரப்புவதற்கும் கைப்பழக்கம் வேண்டும்.

பணம் செலுத்தும் முறை இதற்குத் தடையாக இருந்த காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. 2016ஆம் ஆண்டின் பணமதிப்பிழப்பின்போது பழைய தாள்களைக் குறிப்பிட்ட நாள் வரை ஏற்க அனுமதிக்கப்பட்ட இடங்களில் எரிபொருள் நிலையங்களும் அடங்கும். அதன்பின் கைபேசி வழிப் பணம் செலுத்துதல் விரைந்து பரவியது. முன்கூட்டியே கைபேசியில் பணம் செலுத்தினால் அத்தொகைக்கு மட்டும் குழாய் இயங்கும் "யூஃபில்" என்னும் வசதியைப் பாரத் பெட்ரோலியம் 2022இல் அறிமுகப்படுத்தியது. தொகையைத் தீர்மானிப்பது வாடிக்கையாளர் என்றாலும், குழாயைப் பிடிக்கும் ஊழியரின் இடத்தை அது நீக்கவில்லை.

அளவும் நம்பிக்கையும்

பிறர் கையால் அளந்து தரப்படும் பொருளில் ஐயம் எழுவது இயல்பு. ஒருவர் நிரப்பத் தொடங்கி ஐம்பது ரூபாயில் நிறுத்த, இன்னொருவர் பேச்சுக் கொடுக்க, மானி சுழியத்திற்கு வராமலேயே மீதி நிரப்பப்படுவது பலரும் அறிந்த ஏமாற்று ஆகும். 2017இல் உத்தரப் பிரதேசத்தில் நடந்த சோதனைகளில், காட்டும் அளவைவிடக் குறைவாக ஊற்றும்படி மானிகளுக்குள் மின்னணுச் சில்லுகள் பொருத்தப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. முதல் வகை ஏமாற்று முழுச்சேவையில் மட்டுமே நிகழக்கூடியது. இரண்டாம் வகை அவ்வாறன்று. குழாய் யார் கையில் இருந்தாலும் சில்லு தன் வேலையைச் செய்யும். எனவே தன்சேவை வந்தால் ஏமாற்று ஒழியும் என்ற வாதம் பாதியே உண்மை.

நூறு, இருநூறு என்று முழுத்தொகைக்கு நிரப்பாமல் 105, 210 என்று கேட்டால் அளவு சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. மானி அளப்பது கனவளவையே. தொகை அதிலிருந்து கணக்கிடப்படுவது. திருத்தப்பட்ட மானி எந்தத் தொகைக்கும் குறைத்தே ஊற்ற முடியும் என்பதால் இந்நம்பிக்கைக்கு உறுதியான அடிப்படை இல்லை.

வாடிக்கையாளருக்கு உள்ள உண்மையான பாதுகாப்புகள் வேறு. ஒவ்வொரு நிலையத்திலும் முத்திரையிடப்பட்ட 5 லிட்டர் அளவைக் கலம் இருக்க வேண்டும். ஐயம் கொண்டவர் அதில் ஊற்றிக் காட்டுமாறு கேட்கலாம். 5 லிட்டருக்கு 25 மில்லி லிட்டர் வரையிலான வேறுபாடே பொறுத்துக்கொள்ளப்படும். மானிகளை ஆண்டுக்கொரு முறை சட்டமுறை எடையளவு அலுவலர்கள் சோதித்து முத்திரையிடுகின்றனர். கலப்படத்தை அறிய வடிதாள் சோதனை உண்டு: தாளில் ஒரு துளி பெட்ரோல் விட்டால் சிறிது நேரத்தில் கறையின்றி ஆவியாகிவிட வேண்டும். அன்றைய அடர்த்தி அளவும் நிலையத்தில் காட்டப்பட வேண்டும். 15 பாகை செல்சியசில் பெட்ரோலின் அடர்த்தி கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோகிராம் வரை இருக்கும். இவற்றைக் கேட்டுப் பெறும் உரிமை இருந்தும், வரிசையில் பின்னால் நிற்பவரின் ஒலிப்பானுக்கு அஞ்சி எவரும் கேட்பதில்லை.

ஊழியர்கள்

முழுச்சேவையை ஆதரிப்போர் முதலில் சுட்டுவது வேலைவாய்ப்பை. மேற்படிப்பு இல்லாதவர்க்கும் சில நாள் பயிற்சியில் கிடைக்கும் வேலை இது. தென்னாப்பிரிக்காவில் தன்சேவை அனுமதிக்கப்படாததற்கும், பிரேசிலில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடை செய்ததற்கும் வேலையிழப்பு அச்சமே முதன்மைக் காரணம். தமிழ்நாட்டின் நிலையங்களில் பெண்கள் பெருமளவில் பணியாற்றுவது குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாடு சிறைத்துறை இந்தியன் ஆயில் நிறுவனத்துடன் இணைந்து நடத்தும் நிலையங்கள் இவ்வகையில் தனித்தன்மை கொண்டவை. "ஃப்ரீடம்" என்ற பெயரில் புழல், வேலூர், கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி, பாளையங்கோட்டை ஆகிய சிறைகளை ஒட்டி இவை அமைக்கப்பட்டன. நன்னடத்தை உள்ள தண்டனைச் சிறைவாசிகள் இங்கு எரிபொருள் நிரப்புகின்றனர். அதற்கு ஊதியமும் பெறுகின்றனர். 2023இல் புழலில் பெண் சிறைவாசிகளே பணியாற்றும் நிலையம் திறக்கப்பட்டது. பூட்டிய வாயிலுக்கு வெளியே நின்று, முன்பின் அறியாதவர்களிடம் பணம் வாங்கிக் கணக்கு ஒப்படைக்கும் இவ்வேலை, விடுதலைக்குப் பிந்திய வாழ்வுக்கான பயிற்சியாகக் கருதப்படுகிறது. தன்சேவை நிலையம் ஒன்றில் இத்தகைய திட்டத்திற்கு இடமே இராது.

மறுபுறம், இவ்வேலையின் உடல்நலக் கேடும் சிறிதன்று. பெட்ரோலில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் கலந்துள்ளது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 தரத்தில் இதன் அளவு ஒரு விழுக்காட்டுக்கு மிகலாகாது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2025இல் தானுந்துப் பெட்ரோலையே மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தன்சேவையில் ஒவ்வொரு ஓட்டியும் வாரத்தில் சில நிமிடங்கள் சுவாசிக்கும் ஆவியை, முழுச்சேவையில் ஒரே ஊழியர் நாள் முழுவதும் சுவாசிக்கிறார். வெளியேறும் ஆவியை உறிஞ்சி நிலத்தடிக் கொள்கலனுக்கே திருப்பும் ஆவி மீட்புக் கருவிகள் இதற்குத் தீர்வாகும். விற்பனை மிகுந்த நிலையங்களில் இவற்றைப் பொருத்துமாறு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வலியுறுத்தியுள்ளது. முழுச்சேவையால் வேலை கிடைக்கிறது என்று கூறி நிறுத்திக்கொள்வோர், அவ்வேலையின் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் பேசுவதில்லை. மணிக்கணக்கில் நிற்பது மற்றொரு சுமை. கடை, நிறுவன ஊழியர்களுக்கு இருக்கை வழங்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்திருத்தம் கொண்டுவரப்பட்டது.

திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும்

திருச்சிராப்பள்ளி சென்னை, மதுரை, தஞ்சாவூர், கரூர், புதுக்கோட்டை சாலைகள் கூடும் இடம். சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி வழியாக மதுரைக்குச் செல்லும் இந்தியன் ஆயிலின் எரிபொருள் குழாய்வழி 2005இல் செயல்படத் தொடங்கியது. நெடுஞ்சாலையோர நிலையங்களில் சரக்குந்துகளும் பேருந்துகளும் நூற்றுக்கணக்கான லிட்டர் நிரப்ப, நகருக்குள் உள்ள நிலையங்களின் வாடிக்கையாளர் பெரும்பாலும் இரு சக்கர வாகனத்தினரும் தானி (ஆட்டோ) ஓட்டுநருமே.

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையிலான தீவில் அமைந்த திருவரங்கம், 1994இல் திருச்சிராப்பள்ளி மாநகராட்சி அமைந்தபோது அதனுடன் சேர்க்கப்பட்டது. அரங்கநாதர் கோயிலின் ஏழு திருச்சுற்றுகளில் வெளிப்புறத் திருச்சுற்றுகள் மக்கள் வாழும் வீதிகளாகவே உள்ளன. சித்திரை வீதிகளிலும் உத்திர வீதிகளிலும் வீடுகளும் கடைகளும் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 சனவரி வழிகாட்டுதலின்படி, புதிய நிலையங்கள் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்புப் பகுதி ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இட நெருக்கடி இருப்பின் கூடுதல் பாதுகாப்புடன் இது குறையலாம்; ஆயினும் 30 மீட்டருக்குக் குறையலாகாது. மதில்களுக்குள் அமைந்த ஓர் ஊரில் இவ்விதிக்குப் பொருந்தும் மனையைக் காண்பது அரிது. எனவே இத்தகைய ஊர்களில் இருக்கும் நிலையங்களே பெருகும் வாகனங்களையும் தாங்க வேண்டியுள்ளது. வைகுண்ட ஏகாதசி நாள்களில் வெளியூர் வாகனங்கள் பெருமளவில் தீவுக்குள் வரும்போது, குறுகிய முற்றத்தில் வண்டிகளை வரிசைப்படுத்தி அனுப்பும் பணியும் குழாய் பிடிக்கும் ஊழியர் மேலேயே விழுகிறது. வாகனத்தை அப்படியே விட்டுவிட்டுக் கடைக்குள் சென்று பணம் செலுத்தும் மேலைநாட்டு முறைக்கு இவ்விடங்களில் பரப்பு போதாது.

ஊழியர் என்னும் தடுப்பு

குழாய் ஊழியர் கையில் இருப்பதால், யாருக்கு எரிபொருள் தரலாகாது என்ற ஆணையை அரசு அவர் மூலமே செயற்படுத்த முடிகிறது. நெகிழிப் புட்டிகளில் பெட்ரோல் தர மறுப்பது இதற்கு எளிய எடுத்துக்காட்டு. 2025 ஜூலை 1 முதல் தில்லியில் ஆயுள் முடிந்த பழைய வாகனங்களுக்கு எரிபொருள் தரலாகாது என்று ஆணையிடப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததால் சில நாள்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. ஆணையை எழுதியவர் அலுவலகத்தில் இருக்க, வாடிக்கையாளரின் சினத்தை எதிர்கொள்பவர் குழாயருகே நிற்பவரே.

இலங்கையில் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது இது உச்சத்தை எட்டியது. மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றனர். நிலையங்களுக்குப் படையினர் காவல் நின்றனர். அவ்வாண்டு ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதி அட்டை அறிமுகமாகியது. தொடக்கத்தில் வாரத்திற்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர், முச்சக்கர வண்டிக்கு 5 லிட்டர், மகிழுந்துக்கு 20 லிட்டர் என ஒதுக்கப்பட்டது. ஊழியர் தம் கைபேசியால் விரைவுக் குறியீட்டை வருடிய பின்னரே குழாயை எடுத்தார். இம்முறை 2023 செப்டம்பரில் நீக்கப்பட்டது.

தன்சேவை நாடான மலேசியாவில் இதே வேலையைக் கருவி செய்கிறது. 2025 செப்டம்பர் இறுதியில் அந்நாடு தன் குடிமக்களுக்கு மட்டும் ஆர்ஓஎன் 95 பெட்ரோலை லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்கு வழங்கத் தொடங்கியபோது, அடையாள அட்டையைக் கருவியில் செருகித் தகுதியை உறுதி செய்யும் முறை வைக்கப்பட்டது. அயல்நாட்டுப் பதிவு வாகனங்கள் இப்பெட்ரோலை நிரப்புவதற்கு அங்கு 2010 முதலே தடை உண்டு. தன்சேவையில் தடுப்பார் அருகில் இல்லாததால் தடை மீறப்படுவதும், அதனைப் பிறர் படமெடுத்து வெளியிடுவதும் அங்கு அவ்வப்போது செய்தியாகின்றன.

சட்ட மாற்றங்கள்

ஐக்கிய அமெரிக்காவில் நியூ செர்சி மாநிலம் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இன்றும் தன்சேவையை அனுமதிப்பதில்லை. ஓரிகன் மாநிலம் 1951இல் விதித்த தடையை 2018இல் ஊரகப் பகுதிகளில் தளர்த்தி, 2023 ஆகத்தில் மாநிலம் முழுவதும் நீக்கியது. மக்கள் மிகுந்த மாவட்டங்களில் பாதிக்கு மேற்பட்ட குழாய்களைத் தன்சேவைக்கு ஒதுக்கலாகாது எனவும், இரு வகைக்கும் ஒரே விலை வாங்க வேண்டும் எனவும் அச்சட்டம் கூறுகிறது. 1947இல் தன்சேவையைத் தோற்றுவித்த விலை வேறுபாடே இங்குச் சட்டத்தால் விலக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது.

மின்னேற்ற நிலையங்கள்

இந்தியாவில் தன்சேவை மின்வாகனங்களின் வழியே நுழைந்துள்ளது. எரிபொருள் நிலையங்களின் முற்றங்களிலேயே அமைக்கப்படும் பல மின்னேற்றிகளில், வாகன ஓட்டி கைபேசிச் செயலியில் பணம் செலுத்தித் தாமே செருகியைப் பொருத்திக்கொள்கிறார். ஆவியோ சிந்துதலோ இல்லை. அரை மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டியிருப்பதால் வேகமும் பொருட்டன்று. அதே முற்றத்தின் மறுபக்கத்தில் பெட்ரோல் குழாயருகே ஊழியர் நின்றுகொண்டிருக்க, மின்னேற்றியருகே பெரும்பாலும் எவரும் பணியமர்த்தப்படுவதில்லை.